பழந்துப்பாக்கிக்கு விலக்கு

எங்கள் மாவட்டத்தில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. இருக்கிறது. பதிவு எண், ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர்பேடு எல்லாம் உண்டு. நான்தான் செயலாளர். பெயர் சக்கரபாணி, வயது அறுபத்தெட்டு, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறை என்னுடையது. ஆரம்பித்தபோது சங்கத்தில் பதினோரு பேர் இருந்தோம். இப்போது நான்கு பேர். அதில் இரண்டு பேர் போனை எடுப்பதில்லை. மிச்சம் நானும் தலைவர் பிலோமின்ராஜும். தலைவருக்கும் எனக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

துப்பாக்கி என்றதும் ஜனங்கள் ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள். எங்களிடம் இருப்பவற்றால் ஒரு காக்காயைக்கூட விரட்ட முடியாது. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, குண்டைப் போட்டு, நீளமான ஒரு கம்பியால் இடித்து இறக்கிச் சுட்ட காலத்துத் துப்பாக்கிகள். சுட்டவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், சுடப்பட்டவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் மற்ற துப்பாக்கிக்காரர்களைப் போலவே நாங்களும் தூக்கிக்கொண்டு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

என் வீட்டுக் கூடத்தில் ஒரு துப்பாக்கி, மூன்று துப்பாக்கிமுனைக் கத்திகள், பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பி ஒன்று, நான்கு மெடல்கள். முதல் உலகப் போர் மெடல் ஒன்றின் விளிம்பில் அதை வாங்கிய சிப்பாயின் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அதைப் படிப்பேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ஆண்டாள் போன பிறகு, அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சொல்லும் ஒரே பெயர் அந்தச் சிப்பாயுடையதாகத்தான் இருக்கும். மகள் அன்பரசி ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "அந்த இரும்பையெல்லாம் என்னாப்பா பண்ணப் போற?" என்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

பிலோமின்ராஜ் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர், உரக்கடை வைத்திருந்தவர். என்னுடையதைவிட அவருடையது நல்ல துப்பாக்கி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. நீளமானது, பித்தளைப் பூண்கள் எல்லாம் அப்படியே இருக்கும், விசைப் பக்கத்தில் 614 என்று நம்பர். ஒரே குறை, மருந்து இடிக்கும் கம்பி இல்லை. குழாய்க்குக் கீழே அது செருகும் துளை மட்டும் காலியாக இருக்கும். இவ்வளவு இருந்தும் அந்தத் துளையில்தான் அவர் கண் போய் நிற்கும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அடுத்த பட்டறைக் கோவிந்தராசுவைப் பார்க்கப் போனேன். அவர் ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கம்பியைத் தாழ்ப்பாளாகப் போட்டிருந்தார். ஒரு முனை மட்டும் பொத்தான் மாதிரி தடித்திருந்தது. நகத்தால் அழுக்கைச் சுரண்டினேன். 614.

அதைக் கேட்டு வாங்கி, அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பிலோமின்ராஜ் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. நான் என்ன செய்தேன்? அவரை வீட்டுக்கு வரச் சொல்லி, கம்பியைக் காட்டி, துப்பாக்கியை எனக்குத் தந்துவிடச் சொன்னேன்.

"வாலு கெடச்சவன் மாட்டக் கேப்பானாய்யா?" என்றார் பிலோமின்ராஜ்.

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும். அது எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சேக்குற ஆளு இல்ல சக்கரபாணி. பதுக்குற ஆளு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். இந்த வார்த்தையை அதிகாரிகள் சொல்வார்கள், பேப்பர்காரன் சொல்வான், அதற்கெல்லாம் பதில் எழுதத்தான் சங்கமே. சங்கத்தின் தலைவரே சொன்னால்? இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்றேன். நீயும் என் வூட்டுப் பக்கம் வராதே என்றார். அவர் போன பிறகு பார்த்தால் டீ பாதி அப்படியே இருந்தது. ஆண்டாள் என்னைத் திட்டினாள். நான் அவளையும் திட்டினேன்.

பதவியை மட்டும் இருவருமே விடவில்லை. நான் மனு எழுதித் தபாலில் அனுப்புவேன், தலைவர் கையெழுத்தோடு திரும்பி வரும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஆனால் தேர்தல் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் இருவருக்கும் ஒரே ஸ்டேஷன். அங்கே துப்பாக்கியை வாங்கும்போது நீளம் எவ்வளவு, நம்பர் என்ன, எந்தெந்த பாகம் இருக்கிறது என்றெல்லாம் எழுதி, அந்தத் துப்பாக்கியைத் தெரிந்த ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவார்கள். இந்த ஊரில் எங்கள் துப்பாக்கிகளைத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஆகவே அவருக்கு நான் சாட்சி, எனக்கு அவர் சாட்சி. பாராளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று இதுவரை ஆறு தேர்தல். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள்.

ஸ்டேஷனில் சுவரோரம் ஒரு மர பெஞ்சு. எங்கள் முறை வரப் பாதி நாள் ஆகும். மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். ரைட்டர் படிவத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார், "கம்பி?" பிலோமின்ராஜ் என்னைப் பார்க்காமல், "இல்ல" என்பார். கம்பி இல்லை என்பதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். அது என் வீட்டுப் பீரோவில் இருக்கும். ஆறு முறை போட்டேன், ஆறு முறையும் கை கூசியது.

ஆண்டாள் இறந்து ஒரு மாதத்தில் ஒரு தேர்தல் வந்தது. அன்றைக்கு அவர் பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, "கேள்விப்பட்டேன்" என்றார். "ம்" என்றேன். வெளியே போய் இரண்டு டீயோடு வந்தார், ஒன்றை என் பக்கம் வைத்தார். குடித்தோம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பெரிய பேச்சு அதுதான். துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்த நூறு பேர் சொன்னதில் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை, இது ஞாபகமிருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், ஒப்படைக்க ஒரு வாரம் அவகாசம் கொடுப்பார்கள், ஆனாலும் ஆறு முறையும் நாங்கள் ஒரே நாளில்தான் வந்து சேர்ந்தோம். தற்செயல் என்றே நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் நான் மனுக்களை நிறுத்தவில்லை. சுட முடியாத துப்பாக்கியைத் தேர்தலுக்கு ஏன் வாங்கி வைக்க வேண்டும்? மூட்டை மாதிரி சாத்தி வைத்தால் கட்டை வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும், நூற்றைம்பது வருஷத்துப் பொருளுக்கு யார் பதில் சொல்வது? எழுதினேன். தாலுக்கா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கமிட்டி, ஒன்றையும் விடவில்லை. மொத்தம் நாற்பத்தொரு மனுக்கள். குமாஸ்தாக்கள் என்னைக் கண்டதும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

போன ஜனவரியில் பட்டறையில் களிமண் குழம்பு சிந்திய தரையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பில் விரிசல், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். அன்பரசி நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள், பாவம், அவளுக்கு வேலை. மீதி நாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பீரோவில் உள்ள கம்பி எந்தத் துப்பாக்கிக்குச் சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? கோவிந்தராசு போன்ற ஒருவர் மறுபடியும் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவார். அப்போது பிலோமின்ராஜ் சொன்ன வார்த்தை சரி என்று ஆகிவிடும். அவர் சொன்னது சரிதான் என்பதும் அந்தக் கட்டிலில்தான் எனக்கு உறைத்தது.

முடிவு செய்தேன். சட்டமன்றத் தேர்தல் வரப்போகிறது. பெஞ்சில் அவர் வந்து உட்காருவார். ரைட்டர், "கம்பி?" என்று கேட்பார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் எடுத்து அவர் மடியில் வைப்பேன். அவர் வீட்டு வாசலுக்குப் போக என் ரோஷம் விடாது. ஸ்டேஷன் பொது இடம், அங்கே யாரும் யார் வாசலையும் மிதிக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு கவர் வந்தது. நாற்பத்தொன்றாவது மனுவுக்குப் பதில். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகளுக்குத் தேர்தல் கால ஒப்படைப்பிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.

நான் ஜெயித்துவிட்டேன். கூடத்தில் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. டீக்கடையில் சொன்னேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் வடையைத் திருப்பினார். அன்பரசிக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருந்தாள். பட்டறைப் பெண்களுக்குக் கேசரி வாங்கிக் கொடுத்தேன், அவர்கள் எனக்குப் பேத்தி பிறந்திருப்பதாக நினைத்து வாழ்த்தினார்கள். ஆணையை நகல் எடுத்து நான்கு உறுப்பினர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்கில் ஒன்று எனக்கே.

அந்தச் சந்தோஷத்தில் மற்றதை யோசிக்கவில்லை. நம்புங்கள், இரண்டு வாரம் யோசிக்கவே இல்லை.

தேர்தல் தேதி டிவியில் வந்தது. மறுநாள் காலை, பழக்க தோஷம், சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கி எண்ணெய்த் துணியால் துடைத்தேன். பழைய வேட்டியில் சுற்றினேன். பீரோவிலிருந்து கம்பியை எடுத்து அதோடு சேர்த்துக் கட்டினேன். செருப்பு மாட்டி வாசல் கதவைப் பூட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒப்படைக்க வேண்டியதில்லை. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. இந்தத் தேர்தலுக்கு இல்லை, இனி எந்தத் தேர்தலுக்கும் இல்லை. எழுதி எழுதி வாங்கியவன் நான்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டுக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவரும் என்னைப் போல மறந்து வரக்கூடாதா?

ரைட்டர் மோகனப்பிரியா போன தேர்தலுக்கும் அங்கே இருந்தவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்னா சார், உங்க ஆர்டர் உங்களுக்கே தெரியாதா?"

"காப்பி வந்து சேந்துச்சான்னு பாக்க வந்தேம்மா."

"வந்துருக்குது சார். நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்கோம்."

அப்படியும் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்ற லைசென்ஸ்காரர்கள் வந்தார்கள், திட்டக்குடி பக்கத்து விவசாயி ஒருவர், ஒரு பேங்க் காவலாளி. பிலோமின்ராஜ் வரவில்லை. மறுநாளும் போனேன். எங்கள் உறுப்பினர் யாராவது தெரியாமல் வந்துவிட்டால் எடுத்துச் சொல்ல வேண்டுமே என்றேன். மோகனப்பிரியா தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் லெட்டர்பேடை எடுத்து நாற்பத்திரண்டாவது மனுவை எழுத ஆரம்பித்தேன். மேற்படி விலக்கை ரத்து செய்து, பழந்துப்பாக்கிகளை முன்போலவே ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு கலெக்டருக்கு என்னவென்று எழுதுவது? எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்றா? கிழித்துப் போட்டுவிட்டு, பச்சைக் குழந்தை மாதிரி அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் சாக்கு எதுவும் மிச்சமில்லை. சும்மா போய் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு மோகனப்பிரியா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"பிலோமின்ராஜ் சாரையா பாக்குறீங்க?"

கொண்டு வந்திருந்த கம்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"போன தேர்தலுக்கு அவரு நாலு வாட்டி போன் பண்ணாரு சார். செகரெட்டரி என்னிக்கு வராரு, வந்துட்டாரான்னு. நீங்க வர நாளக் கேட்டுக்கினுதான் வந்தாரு. எனக்கு முன்னாடி இருந்த ரைட்டரும் சொல்லிட்டுப் போனாங்க, இவரு இப்பிடித்தான் கேப்பாருன்னு."

"ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து வர பஸ்ஸு..." என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"ஸ்ரீமுஷ்ணமா? அவரு மூணு வருஷமா கடலூர்ல மவன் வூட்டுலதான் இருக்காரு சார். அங்கயே ஒப்படைக்கலாமேன்னு நான்கூட சொன்னேன். அங்க எனக்குச் சாட்சி போட ஆளு இல்லம்மான்னாரு."

மூன்று வருஷம். என் தபால்களை ஊரில் யாரோ வாங்கி அவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் தலைவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல் நான் செயலாளர். வெட்கமாக இருந்தது. அவர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். மோகனப்பிரியா ஸ்டேஷன் போனிலிருந்தே போட்டார். "ஸ்டேஷன்லேர்ந்து பேசுறோம் சார், லைன்ல இருங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

"சொல்லுங்க சார்," என்றது குரல். ரொம்பத் தளர்ந்திருந்தது.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. "துப்பாக்கி ஒப்படைக்கிறது விசயமா," என்றேன், போலீஸ்காரன் மாதிரி.

"பழசுக்கெல்லாம் விலக்குன்னு ஆர்டர் வந்துடுச்சே சார். எங்க செகரெட்டரி வாங்கிக் குடுத்தது. இருவது வருஷம் விடாம எழுதி வாங்கியிருக்காரு அந்த மனுஷன். உங்களுக்குக் காப்பி வரலியா?"

"வந்துச்சுங்க."

"துப்பாக்கியும் இப்ப எங்கிட்ட இல்லீங்க. போன வாரம் ஒரு காலேஜு மியூசியத்துக்குக் குடுத்துட்டேன். மவன் ஜெரின்தான் அலைஞ்சு ஏற்பாடு பண்ணான். லைசென்ஸையும் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே அங்க வர வேலையே இல்லன்னு ஆயிடுச்சு, வெச்சிக்கினு என்னா பண்றது."

"கம்பி இல்லாமயா குடுத்த?" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. உலகத்தில் எந்தப் போலீஸ்காரனும் அதைக் கேட்க மாட்டான். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, கம்பியை மேஜைமேல் வைத்தேன்.

"செகரெட்டரி," என்றார்.

"ம்."

"துப்பாக்கி இல்லாம சும்மா வந்தா, அந்த பெஞ்சுல உக்கார வுடுவாங்களா?"

ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு மோகனப்பிரியாவிடம் கேட்டேன். கேட்டேனா, அழுதேனா என்று தெரியவில்லை, அவருக்கு எப்படியோ புரிந்தது. அவர் போய், பெஞ்சின் அந்தக் கோடியில் அடுக்கியிருந்த ஃபைல் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"வுடுவாங்க," என்றேன். "நாளைக்கே வா."